ஐம்பதாம் பாகையில் ஒரு சரிவு

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், மோசல் ஆற்றங்கரையில் ப்ரெம் என்றொரு சிற்றூர். அதன் தலைக்கு மேல் எழும் கால்மோன்ட் மலைச்சரிவு சில இடங்களில் 65 பாகைவரை சாய்ந்திருக்கிறது. அங்கே நிமிர்ந்து நின்று கையை முன்னால் நீட்டினால் மண்ணைத் தொடலாம். அந்தச் சரிவில்தான் திராட்சை பயிரிடுகிறார்கள். டிராக்டர் ஏறாது. கவாத்து, களையெடுப்பு, அறுவடை எல்லாம் ஆளே ஏறி இறங்கிச் செய்ய வேண்டும். பறித்த பழத்தை முதுகுக்கூடையில் சுமப்பார்கள். வசதியுள்ள தோட்டங்களில் ஒற்றைத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் சிறு வண்டி உண்டு. மழை அடித்தால் பாறைச்சில்லுகள் கீழே சரிந்துவிடும். அவற்றை வாரி மீண்டும் மேலே கொண்டுபோய்க் கொட்டுவதும் அந்தக் காலத்தில் ஆண்டு வேலைகளில் ஒன்று.

அதே ஆற்றின் ஓரத்தில், வளைவுகளின் உட்புறத்தில், சமதளமான வளமான மண்ணும் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு மனிதர்கள் ஏன் இந்தச் சரிவில் ஏறினார்கள்? உழைப்பை வீணாக்கும் வழக்கம் எந்த விவசாயிக்கும் கிடையாது. ஏறியதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மண்ணைப் பார்ப்பதற்கு முன் சூரியனைப் பார்க்க வேண்டும்.

மோசல் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 50 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. உலக வரைபடத்தில் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினால் கனடாவின் வின்னிபெக், உக்ரைனின் கார்கிவ், கஜகஸ்தானின் கரகண்டா என்று வரும். வின்னிபெக்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 16 டிகிரி அளவில் இருக்கும். மோசல் கரையிலுள்ள பழைய நகரமான ட்ரியரில் அதே மாதத்தின் சராசரி பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலேதான். அட்லாண்டிக் பெருங்கடல் கோடையில் சேமித்த வெப்பத்தை மேற்குக் காற்று குளிர்காலம் முழுவதும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவந்து தருவதால் வரும் வேறுபாடு அது. ஆக, குளிர்காலத்தைக் கொடி தாங்கிவிடும். போதாமல் போவது கோடைதான்.

திராட்சைக் கொடி ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வளரத் தொடங்கும். நம் கம்பம் பள்ளத்தாக்கு 10 பாகை அட்சரேகையை ஒட்டி இருப்பதால், அங்கே பன்னீர் திராட்சைக் கொடி உறங்குவதே இல்லை. விவசாயி கவாத்து செய்யும் நாளே கொடிக்கு ஆண்டுப் பிறப்பு. ஒரு பந்தலில் பூத்திருக்க, அடுத்த பந்தலில் அறுவடை நடக்கும். மோசலில் கொடியின் நாட்காட்டியை மனிதனால் எழுத முடியாது. ஏப்ரல் கடைசியில் துளிர், ஜூனில் பூ, ஆகஸ்டில் காய் மென்மையாகத் தொடங்கும். அதிலிருந்து அக்டோபர்வரை கிடைக்கும் சில வாரங்களுக்குள் பழுத்தாக வேண்டும். நவம்பர் வந்தால் இலை உதிர்ந்துவிடும்.

பழுப்பது என்றால் என்ன? காய்க்குள் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. இலைகள் ஒளியைக் கொண்டு சர்க்கரையைச் செய்து பழத்துக்கு அனுப்புகின்றன. பழம் தன்னிடமுள்ள மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் எரித்துத் தீர்க்கிறது. இது ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம்தான். திராட்சையின் இன்னொரு முக்கிய அமிலமான டார்டாரிக் அமிலம் புளியிலும் இருப்பது. அது எளிதில் எரிவதில்லை. மாலிக் அமிலம் எரியும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. வெயில் கொளுத்தும் நாட்டில் அது சீக்கிரமே தீர்ந்துவிட, பழத்தில் இனிப்பு மட்டுமே மேலோங்கும். குளிர்நாட்டில் அமிலம் அப்படியே தங்க, சர்க்கரை ஏறாமல் போகும். மோசலின் பழைய துயரம் இந்த இரண்டாவது வகை.

இப்போது சரிவுக்கு வருவோம். 50 பாகை அட்சரேகையில் ஜூன் மாத நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 63 பாகைக்கு மேல் நிற்கும். செப்டம்பர் 22 வாக்கில் அது 40 பாகைக்கு இறங்கிவிடும். அக்டோபர் கடைசி வாரத்தில் 28 பாகைதான். அவ்வளவு சாய்ந்து விழும் ஒளி சமதரையில் பரந்து நீர்த்துப்போகும். தெற்கு நோக்கி 30 பாகை சாய்ந்த ஒரு சரிவை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேகமில்லாத நண்பகலில், ஒரு சதுர மீட்டரில் விழும் நேரடி வெயில் ஜூன் மாதத்தில் சமதரையைவிட 12 சதவீதம்தான் அதிகம். செப்டம்பர் கடைசியில் அது 46 சதவீதமாகிறது. அக்டோபர் கடைசியில் 80 சதவீதம்! மாலை வெயிலில் வடகம் காயவைக்கும் பாட்டி முறத்தைத் தரையில் கிடத்தாமல் சூரியனைப் பார்த்துச் சாய்த்து வைப்பாளே, அந்தக் காரியத்தை இங்கே மலை செய்கிறது.

எனக்கு வியப்பாக இருப்பது அந்த எண்களின் பெருக்கம் மட்டுமல்ல, அது நிகழும் காலமும்தான். ஜூனில் வெயில் தாராளமாக இருக்கும்போது சரிவு அதிகம் உதவுவதில்லை. பழம் கனியும் வாரங்களில், சூரியன் இறங்க இறங்க, அதன் உதவி ஏறிக்கொண்டே போகிறது. எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். அதே அக்டோபர் நண்பகலில், வடக்கு நோக்கி 30 பாகை சாய்ந்த சரிவில் நேரடி வெயில் ஒரு கதிர்கூட விழாது. சூரியன் 28 பாகையில் நிற்க, மலை அதைவிடச் செங்குத்தாக மறைத்துக்கொள்கிறது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே பாறை. ஆனால் இரு பக்கமும் இரு வேறு நாடுகள்.

ஆறு நேராக ஓடியிருந்தால் தெற்கு நோக்கிய சரிவு இவ்வளவு கிடைத்திருக்காது. ட்ரியரிலிருந்து, மோசல் ரைனில் கலக்கும் கோப்லென்ஸ் வரை நேர்க்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். ஆறு எடுத்துக்கொள்ளும் வழியோ ஏறத்தாழ 190. சமவெளியில் ஓடும் ஆறுதான் இப்படி வளைந்து வளைந்து போகும்; மலைக்குள் ஓடுவது ஏன் வளைகிறது? இந்தப் பகுதி ஒருகாலத்தில் தாழ்வான, தட்டையான நிலமாக இருந்தது. மோசல் அப்போதே தன் வளைவுகளைப் போட்டுவிட்டது. பிறகு நிலம் மெல்ல உயர்ந்தது. கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளில் அந்த உயர்வு வேகம் பிடித்தது. ஆறு தன் பாதையை விடாமல், அதே வளைவுகளோடு பாறையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. அதனால் வடக்கே ஐஃபல் மலைக்கும் தெற்கே ஹுன்ஸ்ரூக் மலைக்கும் நடுவில், ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது ஒரு கரையில் தெற்கையோ தென்மேற்கையோ பார்த்த சரிவு உருவாயிற்று. ஊர் ஒரு கரையிலும் அதன் நல்ல தோட்டம் மறுகரையிலும் இருப்பது இங்கே சாதாரணம். வேலன் ஊர்க்காரர்கள் பாலம் கடந்துதான் தங்கள் புகழ்பெற்ற சரிவுக்குப் போகிறார்கள். அந்தச் சரிவின் பாறையில் யோடோகுஸ் ப்ரூம் என்பவர் 1842-ல் ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தை அமைத்தார். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நேரம் பார்க்க வேண்டும் என்பதற்காக. இன்றும் அந்தத் தோட்டத்தின் பெயரே ‘சூரியக் கடிகாரம்’தான். நாள் முழுக்க வெயில் படாத இடத்தில் யாரும் சூரியக் கடிகாரம் வைக்க மாட்டார்கள்.

சரிவுக்குச் சரிவு உள்ள இந்த வேறுபாட்டை, அப்போது இந்தப் பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசு பணமாகக் கணக்கிட்டது. நிலவரி விதிப்பதற்காக ஒவ்வொரு துண்டு நிலத்தின் வருவாயையும் மதிப்பிட்டு, அதைக் கொண்டு 1868-ல் க்ளாட்டன் என்ற அதிகாரி மோசல் பகுதிக்கும் அதன் துணையாறான சார் பகுதிக்கும் ஒரு வரைபடம் தயாரித்தார். அதிக வரி கட்டும் தோட்டங்களுக்கு அடர்ந்த நிறம், குறைந்த வரிக்கு வெளிறிய நிறம். அடர்ந்த நிறம் எங்கெல்லாம் படிந்திருக்கிறது என்று பார்த்தால் ஆற்றைப் பார்த்த, தெற்கு நோக்கிய, நடுச்சரிவுகளாகவே இருக்கும். வரி வசூலிக்கப் போட்ட படம். எனக்கு அது 19-ஆம் நூற்றாண்டின் மிக நேர்மையான தட்பவெப்பப் படங்களில் ஒன்றாகவே தெரிகிறது.

நடுச்சரிவு என்றது ஏன்? தெளிந்த இரவில் தரை வெப்பத்தை இழக்க, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துச் சரிவில் கீழே வழியும். பள்ளத்தின் அடியில் போய்த் தேங்கும். ஏப்ரல், மே மாத உறைபனி முதலில் கருக்குவது அந்த அடித்தளத்துத் துளிர்களைத்தான். மலையுச்சியோ உயரத்தாலும் காற்றாலும் குளிர்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வெதுவெதுப்பான பட்டை மிஞ்சும். உச்சியில் விட்டுவைத்த காடு மேலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்கும். ஆற்றங்கரைச் சமதளம் கையருகே இருந்தும் அதை விட்டு மேலே ஏறியதற்கு இது இன்னொரு காரணம்.

சரிவு முழுக்கச் சிதறிக் கிடப்பது சிலேட்டுக் கல். ஒரு தலைமுறைக்கு முன்புவரை நம் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகிய பலகை இதே இனத்துப் பாறைதான். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலில் படிந்த சேறு, பிற்பாடு மலைகள் எழுந்தபோது நசுங்கி ஏடு ஏடாகப் பிரியும் கல்லாயிற்று. கருத்த கல் பகலில் வெயிலை வாங்கிச் சூடாகி மாலையில் அதை விடுகிறது. மழைநீர் அதில் நிற்பதில்லை. வேர்கள் ஏடுகளின் இடுக்கு வழியே ஆழத்துக்கு இறங்குகின்றன. திராட்சை வேரை அழிக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியத் தோட்டங்களை வேரறுத்தபோது, இந்தக் கற்சரிவுகளில் சில தப்பின. வேற்று வேரில் ஒட்டுக்கட்டாத, நூறாண்டு கடந்த கொடிகள் இன்னும் இங்கே காய்க்கின்றன.

கல்லின் சுவை ஒயினில் தெரிகிறது என்று மோசல்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அதை அப்படியே ஏற்க முடியாது. ஒயின் நிலங்களின் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதிய நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் விளக்குவதுபோல, பாறைக் கனிமங்கள் எளிதில் கரையாதவை, பெரும்பாலும் சுவையற்றவை. வேர் எடுத்துக்கொள்வது நீரில் கரைந்த அயனிகளை. அவை ஒயினில் இருக்கும் அளவு நாக்குக்கு எட்டாதது. சிலேட்டு செய்வது பெரிய காரியம்தான். ஆனால் அது வெப்பத்தின் வழியாகவும் நீரின் வழியாகவும் செய்யும் காரியம்.

ஆற்றின் பங்கையும் இதேபோல் அளந்து சொல்ல வேண்டும். ரோமானியக் கவிஞர் ஔசோனியுஸ் கி.பி. 371 வாக்கில் மோசலைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதினார். அதில் அந்தி வேளையில் கொடி படர்ந்த மலை ஆற்றில் தெரியும் காட்சி வருகிறது. அவர் காலத்திலேயே இங்கே திராட்சை நன்கு வேரூன்றிவிட்டது. பீஸ்போர்ட் என்ற ஊரில் 1980-களில் தோண்டி எடுத்த ரோமானியப் பிழியும் கூடம் அதற்குச் சான்று. ஆறு கண்ணாடியாகி வெயிலைச் சரிவுக்குத் திருப்பிவிடுகிறது என்பது உண்மை, ஆனால் எப்போதும் அல்ல. அக்டோபர் கடைசியின் நண்பகலில்கூட நீர் திருப்பி அனுப்புவது விழும் ஒளியில் ஏழு சதவீதம்தான். சூரியன் தொடுவானத்திலிருந்து 10 பாகைக்கு இறங்கும்போது அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆக, அந்தக் கண்ணாடி இலையுதிர்காலக் காலையிலும் மாலையிலும் வேலை செய்கிறது. அதைவிட முக்கியம், நீர் மெல்லக் குளிர்வதால் கரையோரம் இரவுக் குளிர் மட்டுப்படுவது. அந்த நீரிலிருந்து காலையில் எழும் மூடுபனி சில ஆண்டுகளில் ஒரு பூஞ்சையை வளர்க்கும். அது பழத்தோலைத் துளைக்க, பகல் வெயிலில் நீர் வற்றிப் பழம் தேனாகச் சுருங்கும். உலகின் மிக விலையுயர்ந்த இனிப்பு ஒயின்களில் சில அந்தச் சுருங்கிய பழங்களிலிருந்து வருகின்றன.

எல்லாக் கொடிக்கும் இந்த இடம் ஒத்துவராது. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை தாமதமாகத் துளிர்க்கும், அதனால் பின்பனியிலிருந்து பெரும்பாலும் தப்பும். அதன் தண்டு கடுங்குளிரைத் தாங்கும். ஆனால் தாமதமாகவே பழுக்கும், ஆகவே அக்டோபர் வெயிலை வாரித் தரும் சரிவு அதற்குக் கட்டாயம். ட்ரியரின் தலைமைப் பேராயரும் ஆட்சியாளருமான க்ளெமென்ஸ் வென்செஸ்லாவுஸ் 1787-ல் மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல கொடிகளை நட வேண்டும் என்று ஆணையிட்டார். ரீஸ்லிங் இந்தப் பள்ளத்தாக்கின் அடையாளமாகியதில் அந்த ஆணைக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆணையால் வெப்பத்தைக் கூட்ட முடியாதே. மோசலில் பத்து ஆண்டுகளில் இரண்டோ மூன்றோதான் நன்றாகப் பழுத்தன. மற்ற ஆண்டுகளில் பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. 1815-க்குப் பின் பிரஷ்ய ஆட்சியில் காப்பு வரிகளின் தயவில் அந்தப் புளிப்பும் விலைபோயிற்று. 1834-ல் ஜெர்மன் சுங்க ஒன்றியம் வந்து தெற்குப் பகுதியின் ஒயின்கள் தடையின்றி நுழைந்ததும் மோசல் விவசாயிகள் நொடித்துப்போனார்கள். அந்தத் துயரத்தை 1843 ஜனவரியில் ‘ரைனிஷ் சைட்டுங்’ நாளிதழில் எழுதிய இளம் ஆசிரியர் ட்ரியரில் பிறந்தவர். பெயர் கார்ல் மார்க்ஸ். சில மாதங்களில் இதழே தடைசெய்யப்பட்டது. விறகுத் திருட்டுச் சட்டமும் மோசல் விவசாயிகளின் நிலையுமே தன்னை வெறும் அரசியலிலிருந்து பொருளாதாரத்துக்குத் திருப்பின என்று மார்க்ஸ் சொன்னதாக எங்கெல்ஸ் பின்னாளில் பதிவுசெய்தார். அட்சரேகைக்கும் ‘மூலதன’த்துக்கும் நேர்க்கோடு இழுப்பது மிகையாகிவிடும். ஆனால் அந்தச் சிந்தனையின் தொடக்கத்தில் பழுக்காத திராட்சையும் இருந்தது என்பதை மறக்க வேண்டியதில்லை.

அதே ட்ரியரில் வாழ்ந்த லுட்விக் கால் வேறு தீர்வைச் சொன்னார். நொதிப்பதற்கு முன் சாற்றில் சர்க்கரை நீரைச் சேர்த்தால் புளிப்பு நீர்த்துப்போகும், சாராயச் சத்தும் கிடைக்கும் என்று 1850-களில் பரப்பினார். கலப்படம் என்று தூற்றினார்கள். பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு அது பிழைப்பைத் தந்தது. வெயில் தராததை வேதியியல் தந்தது என்பதில் நான் குற்றம் காணவில்லை.

சூரியனின் பற்றாக்குறை சட்டத்திலும் பதிந்தது. 1971-ல் வந்த ஜெர்மன் ஒயின் சட்டம், பறிக்கும்போது பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையின் அளவை வைத்துத் தரத்தை அடுக்கியது. வெயில் மலிந்த ஸ்பெயினிலோ சிசிலியிலோ அப்படியொரு சட்டம் யாருக்கும் தோன்றியிருக்காது. சர்க்கரை அரிதாக இருந்த இடத்தில்தான் சர்க்கரை தரமாகும்.

அந்த அருமை இப்போது கரைகிறது. ஜெர்மனியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 1881 முதல் இன்றுவரை ஒன்றரை டிகிரிக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. ரீஸ்லிங் பழுக்காமல் வீணான ஆண்டு என்பதை 1990-களுக்குப் பின் தொழிலுக்கு வந்தவர்கள் அறியவே மாட்டார்கள். முதலில் இதை எல்லோரும் வரமாகத்தான் பார்த்தார்கள், பார்த்ததில் தவறில்லை. பிறகு 2019 ஜூலை 25 வந்தது. அன்று நாட்டின் மேற்கில் 41.2 டிகிரி பதிவாயிற்று. மோசலிலும் சூரியனைப் பார்த்த பக்கத்துப் பழங்கள் கொடியிலேயே வெந்து பழுப்பேறின. கொத்துகளுக்கு வெயில் படட்டும் என்று இலையைக் கிள்ளுவது தலைமுறை வழக்கம். இப்போது நிழலுக்காக இலையை விட்டுவைக்கிறார்கள். வெயில் மிகுந்தால் ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசனை தூக்கலாக வரும் என்பதும் ஒரு காரணம்.

அதே ஆண்டின் குளிர்காலத்தில் இன்னொன்று நடந்தது. கொடியிலேயே உறைந்த பழத்தைப் பனிக்கட்டியோடு பிழிந்து எடுப்பது ஐஸ்வைன். அதற்குப் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏழு டிகிரியாவது வேண்டும். பழத்தைப் பறிக்காமல் காத்திருந்தார்கள். பிப்ரவரி முடியும்வரை அந்தக் குளிர் ஜெர்மனியின் எந்த ஒயின் பகுதிக்கும் போதுமான அளவு வரவில்லை. நாடு முழுக்க ஐஸ்வைன் அறுவடை பொய்த்தது அதுவே முதல்முறை.

எனக்குக் கவலை தருவது சுவை மாறுவது அல்ல. சரிவு தந்த லாபம் தேய்கிறது என்பதே. சமதளத்திலும் பழம் பழுக்கும் என்றானபின், பலமடங்கு வேலைநேரம் கேட்கும் கற்சரிவில் யார் ஏறுவார்கள்? காரையில்லாமல் அடுக்கிய கல்கட்டுகளை யார் பழுதுபார்ப்பார்கள்? கைவிட்ட படிக்கட்டு வயல்களை இரண்டொரு ஆண்டில் முட்புதர் மூடிவிடுகிறது. வின்னிங்கன் ஊரையொட்டிய கீழ்மோசல் கல்கட்டுகளில் வாழும் அப்பல்லோ வண்ணத்துப்பூச்சி வேறெங்கும் இல்லாத ஒரு துணையினம். அதன் புழு தின்பது வெயில் படும் கல்லில் முளைக்கும் ஒரு சிறு செடியை. புதர் மண்டி நிழல் விழுந்தால் செடி போகும், அதோடு பூச்சியும் போகும். இரண்டாயிரம் ஆண்டு மனித உழைப்பு உண்டாக்கிய வாழிடம் அது. உழைப்பு நின்றால் அதுவும் நிற்கும்.

தோட்டக்காரர்கள் இப்போது குளிர்ந்த இடங்களைத் தேடுகிறார்கள். பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகள், சற்றே கிழக்கு பார்த்த சரிவுகள், சார், ரூவர் துணையாறுகளின் காற்றோட்டமான உயர்நிலங்கள் என்று போகிறார்கள். க்ளாட்டனின் வரைபடத்தில் பல வெளிறிய நிறத்தில் கிடந்தவை அவை. ஆனால் குளிர்ந்த இடம் ஏப்ரலிலும் குளிர்ந்தே இருக்கும். வெதுவெதுப்பான மார்ச் மாதங்கள் கொடியை முன்கூட்டியே துளிர்க்கச் செய்துவிடுவதால், பழைய காலத்தில் உறங்கும் மொட்டைத் தொட்டுவிட்டுப் போயிருக்கும் பனி இப்போது இளந்துளிரைப் பிடிக்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் சார், ரூவர் பள்ளத்தாக்குகளில் அப்படித்தான் பல தோட்டங்கள் ஓரிரு இரவுகளில் கருகின. திராட்சைக் கணுவில் முதல் துளிர் போனால் விழிப்பதற்கென்று இரண்டாம் மொட்டு ஒன்று உண்டு. அது தாமதமாகத் துளிர்க்கும், குறைவாகக் காய்க்கும். கருகிய தோட்டங்களில் அந்த ஆண்டு பறித்த கொஞ்சப் பழமும் பெரும்பாலும் அதிலிருந்து வந்ததுதான்.